சிவப்பு மைக்கு அப்பால்: கேமரன் மலைத் தோட்டப் பள்ளிகளும் செம்மைப்படுத்தக் கற்பிக்கும் ஆசிரியர் பயிற்சியும்

தமிழ்ப்பள்ளி மாணவரின் கட்டுரை ஏட்டை எங்கே திறந்தாலும் ஒரே ஒழுங்குதான். மாணவர் எழுதியதன் மேல் சிவப்பு மையில் வட்டங்கள். அதன் கீழே ‘திருத்தம்’ என்ற தலைப்பில், பிழையான சொற்கள் மும்மூன்று முறை சரியாக எழுதப்பட்டிருக்கும். ஓரத்தில் ஒரு மதிப்பெண், ‘நன்று’ அல்லது ‘இன்னும் முயற்சி தேவை’. பக்கத்தைப் புரட்டினால் அடுத்த தலைப்பு, அடுத்த கட்டுரை. முந்தைய கட்டுரையை யாரும் மறுபடி தொடுவதில்லை.

எழுத்து என்பது திட்டமிடுதல், வரைவு எழுதுதல், செம்மைப்படுத்துதல், பிழைதிருத்துதல், பகிர்தல் என்ற படிகளைக் கொண்ட ஒரு செயல் என்று கல்வியியல் பாடநூல்கள் அரை நூற்றாண்டாகச் சொல்லி வருகின்றன. பயிற்சி ஆசிரியர்கள் இதைத் தேர்வில் பிசகாமல் எழுதுகிறார்கள். வகுப்பறைக்குப் போனதும் மூன்றாம் படி காணாமல் போகிறது. வரைவிலிருந்து நேராகப் பிழைதிருத்தத்துக்குத் தாவிவிடுகிறார்கள். ஏன் இப்படி நேர்கிறது, இதைப் பற்றி ஆய்வுகள் என்ன கண்டிருக்கின்றன, ஆசிரியர் பயிற்சியில் எதை மாற்றலாம் என்பதைக் மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள சிறிய தோட்டப் பள்ளிகளை மனத்தில் வைத்து இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

பள்ளியும் தேர்வும்

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தது 1920களின் இறுதியிலும் அடுத்த பத்தாண்டிலும்தான். ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அதற்குள் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று அது விதித்தது. பள்ளி வந்தாலும் பயிற்சி பெற்ற ஆசிரியர் வரவில்லை. மலாயாவின் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோ வேலை நேரம் போக எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பார்த்து எழுது, சொல்வதை எழுது, பிழையைத் திருத்து: அன்றைய எழுத்துப் பாடம் அவ்வளவுதான்.

இன்றைய நிலை வேறு. ஆசிரியர் கல்விக் கழகங்களில் 2007 முதல் நடக்கும் கல்வியியல் இளங்கலைப் பட்டப்படிப்பை முடித்தவர்களும், தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களும் தமிழ்ப்பள்ளிகளில் கற்பிக்கிறார்கள். நாட்டின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. அரசு இவற்றைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று வகைப்படுத்துகிறது. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி முதலிய தோட்டங்களின் பெயரைத் தாங்கிய கேமரன் மலைப் பள்ளிகளும் சிறிய பள்ளிகளே. எண்ணிக்கை மிகவும் குறையும் இடங்களில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பில் இணைத்துக் கற்பிப்பதும் உண்டு.

ஆசிரியரின் தகுதி உயர்ந்தும் எழுத்துப் பாடத்தின் உள்ளமைப்பு மாறாததற்குப் பெரிய காரணம் தேர்வு. 1988இல் அறிமுகமான யு.பி.எஸ்.ஆர். என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு ஆறாம் ஆண்டு மாணவரின் எழுத்தை ஒரே அமர்வில் அளந்தது. தேர்வு மண்டபத்தில் இரண்டாம் வரைவுக்கு இடமில்லை. ஆகவே முதல் வரைவே முடிந்த வரைவாக இருக்க வேண்டும் என்ற நோக்கில் பள்ளிகள் தயார் செய்தன. மாதிரிக் கட்டுரைகளை மனனம் செய்வது, முன்னுரைக்கு இரண்டு பழமொழி, முடிவுரைக்கு ஒரு மரபுத்தொடர், ‘நான் ஒரு பேனா’ என்று தொடங்கும் தன்கதைக்கு ஒரு வார்ப்பு என இந்தத் தொழில்நுட்பம் பலன் தந்தது. தேர்ச்சி விகிதம் உயர்ந்தது. சொந்த வரைவைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் வளரவில்லை. மனனம் செய்த கட்டுரையில் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது?

பெருந்தொற்றால் 2020இல் நடக்காத அந்தத் தேர்வு 2021இல் அடியோடு நீக்கப்பட்டது. இப்போது வகுப்புசார் மதிப்பீடு மாணவரை ஆறு அடைவுநிலைகளில் வைத்துப் பார்க்கிறது. நான்காம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை ஆண்டிறுதித் தேர்வும் உண்டு. ஒரே நாளில் எழுதி முடித்த தாளைத்தான் மதிப்பிட வேண்டும் என்ற கட்டாயம் தளர்ந்துவிட்டது. ஒரு மாணவர் மூன்று வாரத்தில் ஒரு கட்டுரையை எப்படி வளர்த்தார் என்பதையும் ஆசிரியர் கணக்கில் எடுக்கலாம். கதவு திறந்திருந்தும் பழக்கம் உள்ளே வரத் தயங்குகிறது.

செம்மைப்படுத்தும்போது எழுதுபவர் செய்வது என்ன?

1971இல் ஜேனட் எமிக் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை உரக்கச் சிந்தித்தபடி எழுதச் சொல்லிக் கவனித்ததிலிருந்து எழுதும் செயலைப் பற்றிய ஆய்வு வேகம் பெற்றது. எழுதுபவர் திட்டமிடுதல், எழுதுதல், மறுபார்வை ஆகியவற்றுக்கிடையே முன்னும் பின்னும் போய்வருகிறார் என்று லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேஸும் 1981இல் காட்டினார்கள். படிகள் ஏணிபோல் வரிசையாக ஏறி முடிவதில்லை. பாடக்குறிப்பில் ‘படி 3: செம்மைப்படுத்துதல், 10 நிமிடம்’ என்று எழுதும் பயிற்சி ஆசிரியருக்கு இந்த முடிவு முதலில் தெரிய வேண்டும்.

நேரடியாகப் பயன்படும் ஆய்வு நான்சி சோமர்ஸ் 1980இல் வெளியிட்டது. கல்லூரி முதலாண்டு மாணவர் இருபது பேரையும் அனுபவமிக்க எழுத்தாளர் இருபது பேரையும் மூன்று மூன்று கட்டுரைகள் எழுதவைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு முறை மாற்றி எழுதச் சொன்னார். நீக்குதல், மாற்றுதல், சேர்த்தல், இடம் மாற்றி வைத்தல் என்ற நான்கு செயல்களையும் சொல், தொடர், வாக்கியம், கருத்து என்ற நிலைகளில் கணக்கிட்டார். மாணவர்கள் பெரும்பாலும் சொல்லை மாற்றினார்கள், திரும்ப வந்த சொல்லை நீக்கினார்கள். அனுபவமுள்ளவர்கள் வாதத்தின் வடிவத்தைத் தேடினார்கள். வாசகரின் கண்ணால் தங்கள் எழுத்தைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஃபெய்க்லியும் விட்டேயும் பொருளை மாற்றாத மேற்பரப்பு மாற்றம், பொருளையே மாற்றும் மாற்றம் என்று இரண்டாகப் பிரித்தபோது இதே பிளவு மறுபடி தெரிந்தது.

சிறுவர்கள் விஷயத்தில் ஸ்கார்டமாலியாவும் பெரைட்டரும் 1983இல் செய்தது கூடுதல் தெளிவு தருகிறது. நான்காம், ஆறாம், எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு, ‘படிப்பவருக்கு இது புரியாது’, ‘இதை இன்னும் தெளிவாகச் சொல்லலாம்’ என்பது போன்ற தயார் வாக்கியங்களைக் கொடுத்து, எழுதியதை வரி வரியாக நிறுத்திப் பார்க்கவைத்தார்கள். பிள்ளைகள் குறையைப் பெரும்பாலும் சரியாகவே கண்டுகொண்டார்கள். தடுமாறியது அடுத்த கட்டத்தில்: குறை தெரிந்த பிறகு என்ன செய்வது என்பதில். ‘மறுபடி படித்துப் பார், நன்றாக எழுது’ என்ற கட்டளை பலிக்காததன் காரணம் இதிலிருந்து விளங்கும். குறையைச் சுட்டுவதோடு நிற்காமல் நான்கு செயல்களையும் செய்துகாட்ட வேண்டும்.

ஆசிரியரின் குறிப்புகள் பற்றியும் சோமர்ஸ் 1982இல் எழுதினார். முப்பத்தைந்து ஆசிரியர்களின் குறிப்புகளை அவர் சகாக்களுடன் ஆராய்ந்தார். ஒரே பத்தியில் வரிக்கிடையே ‘இந்த எழுத்துப்பிழையைத் திருத்து’ என்றும், ஓரத்தில் ‘இந்தக் கருத்தை விரித்து எழுது’ என்றும் இரண்டு ஆணைகள். முதலாவதன்படி அந்தப் பத்தி முடிந்துவிட்டது. இரண்டாவதன்படி அது இன்னும் தொடங்கவே இல்லை. மாணவர் எளிதானதைச் செய்வார். நீக்க வேண்டிய வாக்கியத்தில் ஒற்றைச் சரிசெய்து கொடுப்பார்.

நன்னூலில் இருக்கும் அளவுகோல்

இவை பெரும்பாலும் ஆங்கில வகுப்பறைகளில் நடந்த ஆய்வுகள். தமிழுக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்பது நியாயம். ஆனால் செம்மைப்படுத்தலுக்கான சிந்தனைக் கருவி தமிழில் புதிதாக உருவாக வேண்டியதில்லை. பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய நன்னூலின் பாயிரம் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடுகிறது. ஆசிரியர் கல்விக் கழக மாணவர்கள் இலக்கணத் தாளுக்காக அதைப் படித்திருப்பார்கள். எழுத்துப் பாடத்துக்கு அதை எடுத்து வந்தவர் அரிது.

சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது குன்றக் கூறல். அதற்கு மருந்து சேர்த்தல். மிகைபடக் கூறலுக்கும் கூறியது கூறலுக்கும் நீக்குதல். படிப்பவர் குழம்பும்படி எழுதும் மயங்க வைத்தலுக்கு மாற்றுதலோ இடம் மாற்றி வைத்தலோ. எடுத்த பொருளை விட்டு வேறொன்றில் இறங்குவது மற்றொன்று விரித்தல். தொடக்கத்தில் எழுச்சியாக வந்து போகப்போகச் சுரம் இறங்குவது சென்று தேய்ந்து இறுதல். சோமர்ஸ் பிரித்த நான்கு செயல்களோடு இவை இயல்பாக இணைகின்றன. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்தில் பிழையான சொல்லைக் குறிவைப்பது வழூஉச்சொல் புணர்த்தல் ஒன்றே. மற்றவை பெரும்பாலும் பொருளையும் அமைப்பையும் பற்றியவை. நம் சிவப்பு மையோ அந்த ஒன்றிலேயே தீர்ந்துவிடுகிறது.

அதற்கும் காரணம் இருக்கிறது. தமிழ் எழுத்தில் ல, ள, ழ மயக்கமும் ர, ற மயக்கமும் ண, ந, ன மயக்கமும் வலிமிகும் இடங்களும் ஒவ்வொரு வரியிலும் காத்திருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளை பேசும் தமிழுக்கும் ஏட்டில் எழுத வேண்டிய தமிழுக்கும் இடையே தூரம் அதிகம். நடுவில் மலாய்ச் சொற்களும் கலக்கின்றன. இவ்வளவு பிழைகள் கண்ணை உறுத்தும்போது பொருளைப் பார்க்க ஆசிரியருக்குப் பொறுமை இருப்பதில்லை. பிழையைக் கண்டுகொள்ளக் கூடாது என்று இங்கே சொல்லவில்லை. இலக்கணத் திருத்தத்தால் இரண்டாம் மொழி எழுத்து வளர்வதில்லை என்று ஜான் டிரஸ்காட் 1996இல் எழுதியபோது டேனா ஃபெரிஸ் 1999இல் மறுத்தார். அந்த விவாதம் முடியவில்லை. வரிசை பற்றி மட்டும் கருத்து வேறுபாடு குறைவு. நீக்கப்போகும் வாக்கியத்துக்குச் சந்தி பார்ப்பது வீண். பொருளை முதலில், வாக்கியத்தை அடுத்து, எழுத்துப்பிழையைக் கடைசியில் கவனிக்க வேண்டும்.

ஒரு பத்தியின் மேல்

இதை ஒரு பத்தியில் வைத்துப் பார்க்கலாம். தோட்டப் பள்ளியில் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, ‘தேயிலைத் தொழிற்சாலை’ என்ற தலைப்பில் இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

“எங்கள் தோட்டத்தில் ஒரு தொளிற்சாலை உள்ளது. அது மிகவும் அழகாக இருக்கும். கொழுந்தை இயந்திரத்தில் போட்டு உருட்டுவார்கள். தேயிலை உடலுக்கு நல்லது. கொழுந்தை வாட வைப்பார்கள். பிறகு அது கருப்பாகிவிடும். என் அம்மா அங்கு வேலை செய்கிறார். தொளிற்சாலை மிகவும் அழகாக இருக்கும்.”

பயிற்சி ஆசிரியரின் பேனா உடனே ‘தொளிற்சாலை’யை வட்டமிடும். மூன்று முறை எழுதச் சொல்லும். அதன் பிறகும் இந்தப் பத்தி இதே பத்திதான். நன்னூல் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் வேறு காட்சி தெரியும். அழகாக இருக்கும் என்பது இரண்டு முறை வந்துள்ளது. உடலுக்கு நல்லது என்பது மற்றொன்று விரித்தல். கொழுந்து எப்படிக் கருப்பாகிறது என்பது குன்றக் கூறல். பெரிய குறை வரிசையில் இருக்கிறது: வாட்டிய பிறகுதான் உருட்டுவார்கள், பத்தியில் அது தலைகீழாக இருக்கிறது.

இங்கே ஆசிரியர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: “முதலில் வாட்டுவாங்களா, உருட்டுவாங்களா?” பதில் இப்படி வரக்கூடும்: “வாட்டணும் டீச்சர். வாடாம உருட்டினா இலை உடஞ்சி போயிடும்னு அம்மா சொன்னாங்க.” பத்தியில் இல்லாத, மாதிரிக் கட்டுரை எதிலும் கிடைக்காத ஒரு காரணம் அவள் வாயிலேயே இருந்திருக்கிறது. அதை எழுதச் சொன்னால் இரண்டாம் வரைவு ஏறத்தாழ இப்படி அமையும்:

“என் அம்மா தேயிலைத் தொளிற்சாலையில் வேலை செய்கிறார். பறித்து வந்த கொழுந்தை நீளமான தொட்டியில் பரப்பிக் காற்று வீசி வாட வைப்பார்கள். வாடாமல் உருட்டினால் இலை உடைந்து போகும் என்று அம்மா சொன்னார். வாடிய கொழுந்தை இயந்திரத்தில் உருட்டுவார்கள். உருட்டிய இலையைப் பரப்பி வைத்தால் காற்றுப் பட்டுப் பழுப்பு நிறமாகும். பிறகு சூட்டில் உலர்த்துவார்கள். அப்போது அது கருப்பாகிவிடும்.”

நான்கு வாக்கியங்கள் போயின, மூன்று வந்தன, வரிசை மாறியது. அம்மா பத்தியின் வாலிலிருந்து தலைக்கு வந்தார். எழுத்துப்பிழையை இனிமேல் பார்க்கலாம். அந்தச் சொல்லும் இப்போது ஒரே ஒரு முறைதான் வருகிறது. மாணவி புதிதாக ஓர் இலக்கணமும் கற்கவில்லை. தனக்குத் தெரிந்ததைப் படிப்பவருக்குத் தெரியும்படி வைக்கக் கற்றாள். அந்தக் கேள்வியைக் கேட்க ஆசிரியருக்கு மாணவியின் பொருளில் உண்மையான ஆர்வம் இருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் வளர்க்க வேண்டிய திறன்களில் இதை முதலில் வைப்பேன்.

பயிற்சி ஆசிரியர் கொண்டுவரும் பழைய பாடம்

டேன் லார்ட்டி 1975இல் ஒரு கணக்குப் போட்டார்: பள்ளிப்படிப்பை முடிக்கும் ஒருவர் அதற்குள் ஏறத்தாழ 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி இருந்திருப்பார். யாரும் சொல்லித் தராத அந்த நீண்ட பயிற்சி, ஆசிரியர் கல்லூரியின் சில பாடவேளைகளைவிட ஆழமாக ஊறிவிடுகிறது. நம் பயிற்சி ஆசிரியர்களில் பலர் தமிழ்ப்பள்ளியில் யு.பி.எஸ்.ஆர். எழுதியவர்கள். அவர்கள் கண்ட எழுத்துப் பாடம் சிவப்பு மையும் மாதிரிக் கட்டுரையும்தான். கல்விக் கழகத்திலும் இடுபணியை எழுதி, ஒப்படைத்து, மதிப்பெண் பெறுகிறார்கள். ஒரே எழுத்தைப் பொருள் மாறும் அளவுக்குத் தாமே மூன்று முறை எழுதிய அனுபவம் இல்லாமலே ஒருவர் பட்டம் பெற்றுவிடலாம். தான் செய்யாததைச் சொல்லித்தர அவர் தடுமாறுவதில் வியப்பில்லை.

இந்த இடைவெளியை அடைக்க மூன்று வழிகள் சோதிக்கப்பட்டுள்ளன. முதலாவது, ஆசிரியரையே எழுதவைப்பது. 1974இல் ஜேம்ஸ் கிரே கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய கோடைப் பட்டறை பின்னர் அமெரிக்கா முழுவதும் பரவியது. எழுத்துக் கற்பிப்பவர் எழுத வேண்டும், எழுதியதைச் சக ஆசிரியர்களிடம் படித்துக் காட்ட வேண்டும், மாற்ற வேண்டும் என்பதே அதன் அடிப்படை. புலவர் சபையில் நூலை அரங்கேற்றி, கேள்விகளுக்கு விடை சொன்ன மரபுள்ள நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இரண்டாவது, சக மாணவரின் எழுத்தைப் படித்துக் கருத்துச் சொல்வது. லண்ட்ஸ்ட்ரோமும் பேக்கரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கருத்துரை பெற்ற குழுவைவிடக் கருத்துரை கொடுத்த குழுவின் எழுத்தே அதிகம் முன்னேறியது. பிறர் எழுத்தில் குறை காணும் கண் தன் எழுத்துக்கும் திரும்புகிறது. இரண்டு ஆண்டு மாணவர்கள் சேர்ந்திருக்கும் இணைப்பு வகுப்பு இதற்கு வாய்ப்பான இடம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை நான்காம் ஆண்டுப் பிள்ளைக்கு முதல் வாசகராகலாம். ‘இங்கே எனக்குப் புரியலை’ என்று சொல்வதற்குப் பெரிய இலக்கண அறிவு வேண்டியதில்லை.

மூன்றாவது, உத்திகளை வெளிப்படையாகக் கற்பிப்பது. ஸ்டீவ் கிரகாமும் டோலரெஸ் பெரினும் 2007இல் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான ஆய்வுகளைத் தொகுத்தபோது, திட்டமிடவும் செம்மைப்படுத்தவும் உத்திகளைக் கற்பிப்பதன் விளைவு அளவு 0.82 என வந்தது. மாணவர் கூடி எழுதுவதற்கு 0.75. எழுத்தைப் படிநிலைகளாக நடத்தும் பொது அணுகுமுறைக்கு 0.32 மட்டுமே. அதிலும் ஆசிரியருக்கு முறையான பயிற்சி இருந்த இடங்களில் 0.46, பயிற்சி இல்லாத இடங்களில் தொடக்கநிலை மேல் வகுப்புகளைத் தவிரப் பலன் ஏறக்குறைய இல்லை. படிநிலைகளின் பெயர்களைப் பாடக்குறிப்பில் எழுதுவது போதாது, அவற்றை நடத்தத் தெரிந்த ஆசிரியர் வேண்டும் என்பதே இந்த எண்கள் சொல்வது. தனித்து நடத்தும் இலக்கணப் பாடத்தின் விளைவு அதே தொகுப்பில் பூஜ்யத்துக்கும் கீழே, −0.32.

நியாயமான ஆட்சேபங்கள்

நேரம் எங்கே என்பது முதல் ஆட்சேபம். ஆண்டுக்கு இத்தனை கட்டுரை என்ற எதிர்பார்ப்பு இருக்கும் பள்ளியில் ஒரே கட்டுரைக்கு மூன்று வாரம் ஆடம்பரமாகத் தோன்றும். கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கி ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுதவைத்தால் மொத்த நேரம் பெரிதாக மாறாது. பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் இதை விளக்கிச் சொல்லும் துணிவு இளம் ஆசிரியருக்கு வேண்டும். நாற்பது பேர் உள்ள நகர வகுப்பில் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேள்வி கேட்பது நடக்காத காரியம். எட்டுப் பேர் உள்ள தோட்டப் பள்ளி வகுப்பில் நடக்கும். மாணவர் குறைவு என்று நாம் கவலைப்படும் பள்ளிகளே இந்தப் பயிற்சிக்கு ஏற்ற களம்.

பயிற்சி ஆசிரியரின் சொந்தத் தமிழே தடுமாறும்போது பிறர் எழுத்தை எப்படிச் செம்மைப்படுத்துவார் என்பது இரண்டாவது. பிழைதிருத்தத்துக்கு இது உண்மையான தடை. சந்தி தெரியாதவர் சந்தியைத் திருத்த முடியாது. ஆனால் வரிசை தப்பியதையும் காரணம் விடுபட்டதையும் காண இலக்கணப் புலமையைவிடக் கவனமான வாசிப்பே தேவை. அந்த வாசிப்பு வளரும்போது தன் மொழிப் பிழையும் கண்ணில் பட ஆரம்பிக்கும்.

மூன்றாவது ஆட்சேபம் மரியாதை பற்றியது. ஆசிரியர் சொன்னதை மாணவர் செய்வதுதான் நம் வகுப்பறை மரபு; எழுதியவரின் எண்ணத்தைக் கேட்டு அதன்படி மாற்றச் சொல்வது அதிகாரத்தை இழப்பதுபோல் சிலருக்குப் படும். ஆசிரியர் தன் வரைவைக் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகள் முன்னாலேயே அடித்து, மாற்றி, இடம் மாற்றிக் காட்டினால் அந்தத் தயக்கம் இரு பக்கமும் தளரும். நன்றாக எழுதத் தெரிந்தவரும் அடித்து எழுதுகிறார் என்பதைப் பார்க்காத பிள்ளை, அடித்தல் இல்லாத ஏடுதான் நல்ல ஏடு என்று நம்பியே வளரும்.

என்ன செய்யலாம்?

மதிப்பிடாத எதையும் ஆசிரியர் கல்வி நெடுநாள் பேணுவதில்லை. ஆகவே மாற்றம் பள்ளிப் பயிற்சிக் கோப்பில் தொடங்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு பயிற்சி ஆசிரியரும் ஒரே மாணவரின் ஒரே கட்டுரைக்கு மூன்று வரைவுகளையும், அவற்றுக்கிடையே தான் கேட்ட கேள்விகளையும் கோப்பில் வைக்கட்டும். கூடவே தான் எழுதிய ஒரு கட்டுரையின் மூன்று வரைவுகளையும் வைக்கட்டும். பார்வையிட வரும் விரிவுரைஞர் பாடக்குறிப்பின் படிநிலைகளைச் சரிபார்ப்பதோடு, முதல் வரைவுக்கும் மூன்றாவதுக்கும் இடையே பொருள் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். இறுதியாண்டுச் செயலாய்வுக்கும் இதைவிடக் கைக்கெட்டிய பொருள் கிடைப்பது கடினம். தமிழ் மாணவர் தம் வரைவில் எதை மாற்றுகிறார், எதை மாற்றத் தயங்குகிறார் என்ற தரவு இந்தக் கோப்புகளிலிருந்தே சேரும். சில ஆண்டுகளில் ஆங்கில ஆய்வுகளின் துணையின்றியும் நம் வகுப்பறையைப் பற்றிப் பேச முடியும்.

இதற்குப் புதிய பாடநூலோ தனி நிதியோ தேவைப்படாது. நன்னூலின் குற்றப்பட்டியலை எளிய தமிழில் ஓர் அட்டையில் எழுதிக்கொள்ளலாம். தேர்வு நீங்கியதால் இடம் கிடைத்திருக்கிறது, தோட்டப் பள்ளிகளில் அளவான வகுப்பும் இருக்கிறது. மலைக்குப் பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர் முதல் வாரத்தில் தம் வரைவொன்றைப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டி, ‘எங்கே புரியலை?’ என்று கேட்டாலே இந்தப் பாடம் தொடங்கிவிடும்.